டிஷ் அக்கா பிடித்த காற்று

எருத்தேன்பதியில் கத்தரீனாள் வீடு எது என்று கேட்டால் நாலு பேராவது தாடையைச் சொறிவார்கள். டிஷ் அக்கா வீடு என்று கேட்டால், டீக்கடையில் வடை போடுகிறவர் எண்ணெய்க் கரண்டியாலேயே வழி காட்டிவிடுவார். நாற்பத்து மூன்று வயது. சுடிதாரின் மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்புப் பட்டையில் ஸ்பேனரும் டெஸ்டரும், ஸ்கூட்டரின் பின்னால் சுருள் சுருளாகக் கேபிள். டிஷ், சிசிடிவி, இன்டர்நெட் பெட்டி எதுவானாலும் அவள்தான். எருத்தேன்பதியிலிருந்து கொல்லங்கோடு வரைக்கும் அவள் ஏறாத மொட்டை மாடி குறைவு.

பிறந்தது இங்கே இல்லை. இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில். அப்பா அம்மா இருவரும் கொழுந்து வேலை. லயத்துக்கே ஒரு டிவி இருந்த காலத்தில், ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்புவதற்குத் தகரக் கூரையில் ஏற்றப்படுகிற ஆள் பத்து வயது கத்தரீனாள்தான். பெரியவர்கள் ஏறினால் தகரம் அமுங்கிவிடும். கீழே இருந்து முப்பது தொண்டைகள் கத்த, இவள் கம்பியை ஒரு விரல் நகர்த்த, திரையில் படம் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று மலை தாண்டி வந்து தன் கையிலுள்ள கம்பியில் மாட்டிக்கொள்கிறது என்பதை அவளால் அன்றைக்கு நம்ப முடியவில்லை. அந்த வியப்பிலேயே ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்தாள். இருபத்து நாலு வயதில், சரக்கு ஆட்டோ ஓட்டும் சூசையப்பனைக் கட்டிக்கொண்டு எருத்தேன்பதிக்கு வந்தாள். வந்த மாதமே புதுப்பெண் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றதைப் பார்த்துத் தெருவே வாயில் கை வைத்தது. சூசையப்பன் மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏறு புள்ள, கீள நான் இருக்கறேன்" என்றார்.

போன வருஷம் சித்திரைக் கடைசியில் அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசியவள் ஜிஸ்மி. இருபத்தெட்டு வயது, சொந்த ஊர் வண்டிப்பெரியாற்றுப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட், கொச்சியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வானிலை படிப்பு. உயரமான மாடியில் ஒரு ஆன்டெனா மாட்ட வேண்டும், மேற்கே மலை வரைக்கும் மறைப்பில்லாத இடம் வேண்டும் என்றாள். கத்தரீனாள் தன் வீட்டு மாடியையே காட்டினாள். ஜிஸ்மி கொண்டுவந்தது முழங்கை நீளத்தில் ஒரு வெள்ளைக் குழாய், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

"இது எந்தச் சேனலைப் பிடிக்கும்?" என்று கேட்டாள் கத்தரீனாள்.

"ப்ளேனை அக்கா. கோயம்புத்தூருக்கும் கொச்சிக்கும் இறங்குற ப்ளேன் எல்லாம் உங்க தலைக்கு மேலதான் போகுது. நான் எங்க இருக்கேன், எந்தப் பக்கம் மூக்கைத் திருப்பியிருக்கேன், காத்துக்குள்ள என்ன வேகம், தரைக்கு என்ன வேகம்னு அது பாட்டுக்குச் சொல்லிட்டே போகும். நாம அதைக் கேட்டு, அங்க அடிக்கிற காத்தைக் கணக்குப் போட்டு எடுக்கணும்."

கத்தரீனாள் ஏணியின் நடுவில் நின்று யோசித்தாள். "பொறு. இந்தத் தோப்புக்கு மேல பருந்து மேற்க பாத்து நிக்கும். பறந்துக்கிட்டேதான் இருக்கும், ஆனா ஒரு அடி நகராது. அது பறக்குற வேகமும் எதுத்தாப்புல அடிக்கிற காத்தும் சரியாப் போயிருது. அதான கணக்கு?"

ஜிஸ்மி கையிலிருந்த ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டாள். "அக்கா, எனக்கு இது புரிய ரெண்டு வாரம் ஆச்சு!"

வேலையின் மறுபாதி விண்ணில் இருந்தது. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு படம் எடுக்கிறது. முன் படத்திலும் பின் படத்திலும் ஒரே மேகம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அங்கே இன்ன காற்று என்று சொல்கிறது. கடலுக்கு மேலும் காட்டுக்கு மேலும் காற்றைச் சொல்ல அதைவிட்டால் பெரிய துணை கிடையாது. அந்தக் காற்றையும் விமானம் சொல்லும் காற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடித்தால் மழைக்கும் புயலுக்கும் போடுகிற கணிப்பு இன்னும் திருந்தும். எருத்தேன்பதி இருக்கிற பாலக்காட்டுக் கணவாய் மாதிரி, இரண்டு மலைக்கு நடுவே காற்று வாய்க்கால் தண்ணீராகப் பாய்கிற இடத்தில் அந்தக் கணக்கு ரொம்ப முக்கியம் என்றாள் ஜிஸ்மி.

மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்று எருத்தேன்பதி மாடியில். இரண்டாவது கொல்லங்கோட்டில் ஒரு அரிசி மில்லின் கூரையில். மூன்றாவது மலைமேல் காந்தலூரில், பூண்டும் முட்டைக்கோஸும் போடுகிற சந்தனம் என்பவரின் வீட்டில். மூன்றையும் மாட்டியது கத்தரீனாள்தான். ஜிஸ்மி அவளுடைய போனில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். வரைபடத்தின் மேல் நீல அம்புகள் செயற்கைக்கோள் சொன்ன காற்று, சிவப்பு அம்புகள் விமானம் சொன்ன காற்று. அம்பு நீளமாக இருந்தால் வேகம் அதிகம்.

அந்தப் பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. தலைக்கு மேல் இரைச்சல் கேட்டால் போதும், போனை எடுப்பாள். ஒரு நிமிஷத்தில் சிவப்பு அம்பு முளைக்கும். தன் மாடியில் நிற்கிற வெள்ளைக் குழாய் அந்த விமானத்தோடு பேசிவிட்டது! ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை குறுகுறுத்தது.

"ஏம்புள்ள, தோசை கருகுது" என்று சூசையப்பன் சமையலறையிலிருந்து சொல்வார்.

"திருப்பிப் போடுங்க. மும்பை ப்ளேன் எறங்குது."

ஆனி பிறந்து, மேற்கேயிருந்து வீசும் மேல்காற்று நிலைத்தபோதுதான் கோளாறு தொடங்கியது. எருத்தேன்பதிக்கு மேலே ஆறு கிலோமீட்டர் உயரத்தில், சில நாட்களில் நீல அம்பு ஒரு பக்கமும் சிவப்பு அம்பு நேர் எதிர்ப்பக்கமும் காட்டின. கிழக்கேயிருந்து மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்றது செயற்கைக்கோள். மேற்கேயிருந்து இருபத்தைந்து என்றன விமானங்கள். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தால் பரவாயில்லை. இது ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிற கதையாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை ஜிஸ்மி போன் செய்தாள். குரலே சரியில்லை. "அக்கா, ரிஜோ சார் எருத்தேன்பதி ஸ்டேஷனை லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லிட்டார்."

ரிஜோ அந்த ஆராய்ச்சியின் தலைவர். செயற்கைக்கோள் காற்றை உலகம் முழுக்கச் சரிபார்த்திருக்கிறார்கள், வீட்டு மாடியில் மாட்டிய பெட்டிதான் பிசகியிருக்கும் என்பது அவருடைய கணக்கு.

"என் கனெக்‌ஷன்ல தப்புங்காரா?"

"அப்படிச் சொல்லலைக்கா. அது வந்து..."

"அப்படித்தான் சொல்லுதாரு." கத்தரீனாளுக்குக் காது சூடேறியது. இருபது வருஷத்தில் எந்த வீட்டிலும் அவள் மாட்டியது தப்பு என்று யாரும் சொன்னதில்லை. "எனக்கு ஒரு வாரம் குடு. பெட்டியில தப்பிருந்தா நானே கழத்தி அனுப்புதேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினாள். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னார் செக்போஸ்ட், மறையூர், கடைசியில் காந்தலூர். மடியில் துண்டு சுற்றிய எருத்தேன்பதிப் பெட்டி. சந்தனம் தோட்டத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்ன தாயி, நல்லா ஓடுற பெட்டியைக் கழத்துதீய?" என்று கேட்டார். "இதை அங்க வச்சு, அதை இங்க வச்சுப் பாக்கணும் அண்ணாச்சி. கோளாறு பெட்டியோட வருதா, எடத்தோட நிக்குதான்னு தெரிஞ்சுபோகும்." இரண்டையும் மாற்றிக்கொண்டு பொழுது சாயுமுன் ஊர் திரும்பினாள்.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் காலை நீலமும் சிவப்பும் மறுபடி முறைத்துக்கொண்டன. எருத்தேன்பதியில்தான். பெட்டி மாறியும் கோளாறு இடத்தை விட்டு நகரவில்லை. கேபிளை மாற்றினாள், கனெக்டரை மாற்றினாள், ஐந்து வெவ்வேறு கம்பெனி விமானங்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தாள். ஐந்தும் மேற்கு என்றே சொன்னன. எல்லாவற்றையும் தேதியோடு நோட்டில் எழுதி ஜிஸ்மிக்குப் படம் எடுத்து அனுப்பினாள். ஜிஸ்மி அதை ரிஜோவிடம் காட்டினாள். "பெட்டி நல்ல பெட்டிதான் போல. ஆனால் இரண்டு சாட்சி இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது? மூன்றாவது சாட்சி வேண்டுமே" என்றாராம் அவர்.

மூன்றாவது சாட்சிக்கு எங்கே போவது? காற்றை அளக்கிற பலூன் விடக் காசுமில்லை, அனுமதியுமில்லை.

அந்த வாரத்தில்தான் ஆனந்தி கூப்பிட்டாள். வண்ணாமடை ரோட்டில் தென்னங்கன்று நர்சரி வைத்திருக்கிறவள். "ஏனுங்க்கா, நீங்க மாட்டுன கேமரா ஒண்ணு வானத்தைப் பாத்துட்டு நிக்குதுங்க. கன்னுக்குட்டி வந்து கன்னு தின்னாக்கூட எனக்குத் தெரியாதாட்ட இருக்குது."

போய்ப் பார்த்தாள். காற்றில் ஆடி ஆடித் தாங்கியின் நட்டு கழன்று, கேமரா மல்லாந்து கிடந்தது. நட்டை இறுக்க இரண்டு நிமிஷம் போதும். ஆனால் என்றைக்குக் கழன்றது என்று தெரிந்தால் மற்ற கேமராக்களையும் பார்க்கலாமே என்று ரெக்கார்டரின் முன் உட்கார்ந்து, பழைய பதிவைப் பதினாறு மடங்கு வேகத்தில் ஓட விட்டாள்.

திரை முழுக்க வானம். கீழே பஞ்சுப்பொதி மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் இடுக்கு வழியாக, மிக மேலே, நனைத்துப் பிழிந்த மெல்லிய மல்லுத்துணி மாதிரி ஒரு வெண்மை தெரிந்தது. அது அசையாமல் நிற்கிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அது நகர்ந்தது. கிழக்கிலிருந்து மேற்கே. கீழ் மேகத்துக்கு நேர் எதிராக, வழுக்கிக்கொண்டு போயிற்று.

கத்தரீனாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஐயோ, ரெண்டும் உண்மை! ரெண்டும் உண்மைதான்!"

ஆனந்தி பதறிப்போனாள். "என்னாச்சுங்க்கா? திருடன் கிருடன் வந்துட்டானுங்களா?"

"திருடன் இல்ல கண்ணு, சாட்சி!" என்று சொல்லி அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து ஜிஸ்மிக்கு அனுப்பினாள். அனுப்பின கையோடு போன் போட்டாள்.

"பாத்தியா?"

"பாத்துட்டே இருக்கேன்... அக்கா, மேல போறது எந்தப் பக்கம்?"

"கெழக்க இருந்து மேற்க. உங்க நீல அம்பு சொன்ன அதே பக்கம். கீழ ஓடுறது என் சிவப்பு அம்பு சொன்ன பக்கம். யாரும் பொய் சொல்லல. ஆனா சேட்டிலைட்டு, மேல இருக்குற மேகத்தைக் கொண்டுவந்து கீழ வச்சுட்டு. ஏன் அப்படிப் பண்ணுச்சு?"

போனில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஜிஸ்மி போனுக்குள் கிறீச்சிட்டாள். அந்த நிலையத்தின் அமைதியான அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

"உயரம்! உயரம் அக்கா! சேட்டிலைட்டுக்கு மேகத்தோட உயரம் நேரா தெரியாது. மேகம் எவ்வளவு குளுருதுன்னு பாத்துத்தான் சொல்லும். ரொம்பக் குளுந்தா உயரம், சூடா இருந்தா தாழ்வு. இது மெல்லிசு மேகம். கீழ வெயில்ல காயுற தரையோட சூடு அது வழியா கசியுது. அதனால நெசத்துல பதிமூணு கிலோமீட்டர்ல இருக்குற மேகத்தை ஆறு கிலோமீட்டர்னு எழுதி வச்சுட்டுது!"

"நர்சரிக்குப் போடுற பச்சை வலை மாதிரி. வலைக்கு அடியில இருக்குற கன்னும் சேந்துதான தெரியும்."

"அதேதான்!"

ரெக்கார்டரில் எட்டு நாள் பதிவு இருந்தது, எட்டிலும் வானம்தான். கத்தரீனாள் நர்சரியிலேயே உட்கார்ந்து எட்டையும் பார்த்தாள். ஆனந்தி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்புகள் முறைத்துக்கொண்ட நாட்கள் மூன்று. அந்த மூன்று நாளிலும் மல்லுத்துணி இருந்தது. மற்ற ஐந்து நாளில் ஒரு முழம்கூட இல்லை. கடைசி நாளைப் பார்த்து முடித்தபோது ஆனந்திதான் முதலில் கை தட்டினாள்.

வெள்ளிக்கிழமை ரிஜோவே எருத்தேன்பதிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், நெட்டையான மனிதர், மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. வீட்டுக் கூடத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் பதிவைப் பதினோரு தடவை பார்த்தார். சூசையப்பன் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "சேச்சி, நல்ல சாட்சியை நான் வெளிய தள்ளப் பார்த்தேன். மன்னிக்கணும்" என்றார். கத்தரீனாள் நாள் கணக்காக அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த பேச்சு முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோயிற்று. "காப்பி குடிக்கீங்களா சார்?" என்றுதான் கேட்க முடிந்தது.

அதற்கப்புறம் வேலை சூடு பிடித்தது. ஒரே கம்ப்யூட்டரில் தினம் இரண்டு கணிப்பு ஓட்டினார்கள். முதலாவது, எப்போதும் அவர்கள் ஓட்டுகிற மாதிரி. இரண்டாவதில், மெல்லிய மேகத்தின் உயரத்தைத் திருத்தி, மூன்று பெட்டிகளும் கேட்ட விமானக் காற்றையும் சேர்த்தார்கள். எது நிஜத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். இது சோதனைதான், ஊருக்குச் சொல்கிற முன்னறிவிப்பு இல்லை என்று ஜிஸ்மி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆடி மாதம் புனித அன்னம்மாள் கோயில் திருவிழா வந்தது. அந்த வருஷம் ஆச்சரியமாக நாலைந்து நாளாகக் காற்றே இல்லை. தென்னை ஓலை படம் மாதிரி நின்றது. ரோட்டோரம் பெரிய பந்தல், நாற்பதடி உயரத்துக்கு விளக்குக் கோபுரம், நுழைவாயிலில் அலங்கார வளைவு. பந்தல்காரர் ஜிதின் கட்டியிருந்தார். பகல் ஒரு மணியிலிருந்து பந்தலில் ஊர் கூடிச் சாப்பிடும் அசன விருந்து, ஆறு மணிக்குத் தேர். ஐநூறு பேருக்குச் சமையல்.

திருவிழா அன்று காலை ஏழரைக்குக் கத்தரீனாள் சும்மாதான் ஜிஸ்மியைக் கூப்பிட்டாள், ஸ்பீக்கருக்கு ஒயர் இழுக்கக் கோபுரத்தில் ஏற வேண்டியிருந்ததால்.

"இன்னைக்கு ஏறலாமா?"

ஜிஸ்மி தயங்கினாள். "அக்கா, நான் உங்களுக்கு மட்டும் சொல்றேன். பழைய கணக்கு முப்பத்தஞ்சு கிலோமீட்டர் காத்துன்னு சொல்லுது. புதுக் கணக்கு ரெண்டு மணிக்கு மேல எழுபதுன்னு சொல்லுது. மேல்காத்து ரொம்ப உயரம் வரைக்கும் கெட்டியா இருக்காம், கணவாய்க்குள்ள புகுந்தா கீழ எறங்கிடுமாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன். பத்துக்கு ஏழு."

கத்தரீனாள் அண்ணாந்து பார்த்தாள். வெளுத்த வானம். கொடி தொங்கிக்கொண்டிருந்தது. நேரே சமையல் கொட்டகைக்குப் போனாள். அங்கே விருந்துக்குப் பொறுப்பு செபமாலையம்மாள். ஊரில் எந்த விருந்தானாலும் முதல் கரண்டியும் கடைசிக் கரண்டியும் அவருடையதுதான். ஜிதினும் அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ஜிதின் சிரித்துவிட்டார். "அக்கா, ஆடிக் காத்துக்கெல்லாம் கணக்குப் பண்ணித்தானுங்க நாங்க கட்டறது. பாருங்க, எலை அசையுதுங்களா?"

"முப்பத்தஞ்சுக்கு ஒன் கோபுரம் நிக்கும் தம்பி. எழுபதுக்கு நிக்குமா?"

ஜிதின் டம்ளரைக் கீழே வைத்தார். கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

செபமாலையம்மாள் அண்டாவைக் கிண்டுவதை நிறுத்தினார். "அந்தப் பொண்ணு நெசமா வருமின்னு சொன்னாளா கத்தரீனா?"

"நெசமான்னு சொல்லலைக்கா. பத்துக்கு ஏழுன்னா."

"ஐநூறு பேரு அதுக்குக் கீள ஒக்காந்து சாப்புடப் போறாங்க. பத்துக்கு ரெண்டுன்னு சொல்லியிருந்தாலும் எனக்குப் போதும்." கரண்டியால் பள்ளிக்கூடக் கட்டிடத்தைக் காட்டினார். "எலையை அங்க போடுங்க. ஜிதினு, கோபுரத்தை எறக்கு. தேருக்கு முன்னால மறுக்கா ஏத்திக்கலாம்."

கோபுரம் இறங்கியது. பந்தல் துணியையும் அவிழ்த்தார்கள். வாசல் வளைவை மட்டும் ஜிதின் தொட மறுத்தார், அது அசையாது என்று சத்தியம் செய்தார். இருந்தாலும் அதன் கீழே போட்டிருந்த நாற்காலிகளைச் சூசையப்பன் ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்.

மணி இரண்டானது. காற்று வரவில்லை. இரண்டரை. மூன்று. சாப்பிட்டு முடித்தவர்கள் பல் குத்திக்கொண்டே மொட்டையாக நின்ற பந்தல் கால்களைப் பார்த்தார்கள். "டிஷ் அக்கா, காத்துக்கு சிக்னல் கெடைக்கலீங்களா?" என்றது ஒரு குரல். சிரிப்பு பரவியது. பத்துக்கு ஏழு என்றால் பத்துக்கு மூன்று வராமலும் போகும். அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? கத்தரீனாள் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குக் கோயம்புத்தூரில் இறங்க ஒரு விமானம் தாழ்ந்து வந்தது. சிவப்பு அம்பு முளைத்தது. அவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து அறுபத்தைந்து! பகல் விமானம் அதே உயரத்தில் சொன்னது இருபத்து நாலுதான். அடுத்த விமானம் ஐந்து நிமிஷத்தில் வந்தது. எழுபத்தொன்று. இன்னும் தாழ்வில்.

"எறங்கிட்டு! காத்து எறங்கிட்டு!" அவள் எழுந்து ரோட்டுக்கு ஓடினாள். "எல்லாரும் உள்ள போங்க! வளைவுக்குக் கிட்ட ஒருத்தரும் நிக்காதீங்க! ஜிதினு, ஒன் ஆட்களைக் கூப்புடு!"

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று சிரித்தவர்களையும் நகர வைத்தது. கடைசியாக இரண்டு பேர் படியேறிக்கொண்டிருந்தபோது, மேற்கே தென்னந்தோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை சாய்ந்தன. முதலில் சத்தம் வந்தது, லாரி வருகிற மாதிரி. அடுத்து புழுதி. பிறகு காற்று. சுவரில் கை ஊன்றாமல் நிற்க முடியவில்லை. மட்டைகள் பிய்ந்து ரோட்டில் உருண்டன. பந்தல் கால்கள் ஊளையிட்டன. அலங்கார வளைவு ஒரு தடவை முன்னால் குனிந்தது, நிமிர்ந்தது, பிறகு மெதுவாக, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காலையில் நாற்காலிகள் இருந்த இடத்தில் மடிந்து விழுந்தது.

பள்ளி வராந்தாவில் ஐநூறு பேர் மூச்சுவிட்ட சத்தம் காற்றை மீறிக் கேட்டது. செபமாலையம்மாள் கத்தரீனாளின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தியா! பாத்தியா புள்ள!" இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அழுதார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை.

காற்று அடங்கித் தேர் எட்டு மணிக்குத்தான் புறப்பட்டது, விளக்குக் கோபுரம் இல்லாமலே. ஜிதின் தேடி வந்து, "அக்கா, அந்த அம்பு போடற பக்கத்தை என்ற போன்லயும் போட்டுக் குடுங்க" என்றார்.

மறுநாள் ரிஜோ பேசினார். பாராட்டை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அவர் கேட்டது வேறு. "சேச்சி, காத்து சரியா எத்தனை மணிக்கு வந்தது?"

"நாலு பன்னெண்டு சார். பள்ளிக்கூடத்துக் கேமராவுல இருக்கு. நானே மாட்டினது."

"நாங்க ரெண்டுன்னு சொன்னோம். ரெண்டு மணி நேரம் எங்க போச்சு? அதைக் கண்டுபிடிக்கணும்." அவர் குரலில் பசிக்காரனின் ஆவல் இருந்தது. கத்தரீனாளுக்கும் அதே பசி எடுத்தது. கணவாயின் மேற்கு வாயில் ஒரு பெட்டி இருந்திருந்தால் காற்று உள்ளே நுழைகிற நேரம் தெரிந்திருக்கும் என்றாள். இன்னும் நாலு பெட்டிகளுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார் ரிஜோ.

கார்த்திகையில் ஜிஸ்மி ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதி முடித்தாள். கடைசியில் நன்றி சொல்கிற பத்தியில் கத்தரீனாளின் பெயரைப் போடலாம் என்று ஒருவர் சொன்னாராம். ஜிஸ்மி ஒத்துக்கொள்ளவில்லை, ரிஜோவும் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதியவர்கள் வரிசையில் மூன்றாவது பெயராகப் போட்டார்கள். பெயருக்குக் கீழே அவரவர் வேலை செய்கிற இடம் வர வேண்டும். எந்த இடம் என்று கேட்டு ஜிஸ்மி செய்தி அனுப்பியபோது, கத்தரீனாள் கொல்லங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் கூரையில் இருந்தாள். இரண்டு கையும் எண்ணெய். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சூசையப்பனிடம்தான் போன் இருந்தது. அவர் செய்தியைப் படித்துக் காட்ட, அவள் பதிலைச் சொல்லச் சொல்ல அவர் ஒற்றை விரலால் தட்டினார்: "கத்தரீனாள் டிஷ் அண்ட் சிசிடிவி சர்வீஸ், எருத்தேன்பதி, சிற்றூர் தாலுக்கா, பாலக்காடு."

தட்டி முடித்துவிட்டு மேலே பார்த்தார். "போன் நம்பரையும் போட்டுடட்டுமா புள்ள? படிக்கறவிய ஆராச்சும் கேமரா மாட்டக் கூப்புடுவாங்க."

"போடுங்க!" என்று கூரையிலிருந்து சிரித்தாள் கத்தரீனாள்.

அவர் போட்டார்.